தன்னை அறிதல் யாருடைய பாடம்?

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகும் சாலைகளுள் ஒன்று கோவிந்தாபுரத்தில் கேரளத்துக்குள் நுழைகிறது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், முதலமடை ஊராட்சி. பலகைகள் மலையாளத்தில் இருக்கும். பேச்சு தமிழில் இருக்கும். நாட்டின் பிற பகுதிகளில் மாம்பழப் பருவம் தொடங்கும் முன்பே சந்தைக்கு வந்துவிடுவதால் முதலமடை மாம்பழத்துக்குப் பெரும் பெயர். அந்தத் தோப்புகளில் மருந்தடித்து, காய் பறித்து, பெட்டியில் அடுக்கித் தரும் கூலி உழைப்பாளிகளுக்கு அந்தப் பெயரில் பங்கில்லை.

2017ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் இந்த ஊர் திடீரென்று செய்தியானது. இங்குள்ள அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் குடும்பங்கள் தங்களுக்கு இழைக்கப்படும் தீண்டாமையை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கின. தேநீர்க் கடையில் தனிக் குவளை, குடிநீர் பிடிப்பதில் பாகுபாடு, முடிதிருத்தும் கடையில் மறுப்பு என்று புகார்கள் வந்தன. கல்வியில், சுகாதாரத்தில், நிலச்சீர்திருத்தத்தில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெருமையோடு சுட்டிக்காட்டப்படும் மாநிலத்தில், கொங்கு மண்டலத்துச் சாதி வழக்கம் எந்தச் சோதனைச் சாவடியிலும் நிறுத்தப்படாமல் உள்ளே வந்திருந்தது. தலைவர்கள் வந்தார்கள், தொலைக்காட்சிகள் வந்தன, ‘அப்படியெதுவும் இங்கே இல்லை’ என்ற மறுப்பும் கூடவே வந்தது.

இப்படிப்பட்ட ஒரு காலனியிலிருந்து படித்து மேலே வரும் இளைஞனுக்கு இன்று கல்லூரியிலும் வேலைவாய்ப்புப் பயிற்சி மையத்திலும் கற்பிக்கப்படும் முதல் பாடம் என்ன? ‘உன்னை நீ அறி.’ வாழ்க்கையிலும் தொழிலிலும் வெற்றி பெற்றவர்கள் எல்லோரும் தங்களைத் தாங்களே அறிந்தவர்கள். தோற்றவர்கள் தங்களை அறியாதவர்கள். ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரையச் சொல்வார்கள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். ஒவ்வொன்றின் கீழும் நேர்மையாக எழுத வேண்டும். ‘காலை சீக்கிரம் எழுவேன்’ என்று பலத்தில் எழுதலாம். ‘ஆங்கிலம் சரளமாக வராது’ என்று பலவீனத்தில் எழுதலாம். அச்சுறுத்தல் என்ற கட்டத்தில், ஊர்த் தேநீர்க் கடையில் தனக்கென்று ஒதுக்கப்பட்ட குவளையை எழுதலாமா? எழுதினால் பயிற்சியாளர் என்ன மதிப்பெண் தருவார்? பெரும்பாலும் ‘எதிர்மறைச் சிந்தனையைத் தவிர்க்கவும்’ என்ற அறிவுரை கிடைக்கும்.

இந்த அறிவுரைதான் இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்து நிற்கிறது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தன்னம்பிக்கை நூல்கள், கட்டணப் பயிலரங்குகள், கைப்பேசியில் ஓடும் காணொளிகள், கார்ப்பரேட் நிறுவனங்களின் மனிதவளத் துறைகள், அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே மந்திரம். இதன் வம்சாவளி மிகப் பழையது. 1859ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் ‘சுய உதவி’ என்ற நூலை வெளியிட்டார். ஏழ்மைக்குக் காரணம் ஏழையின் குணத்தில் இருக்கிறது, உழைப்பும் சிக்கனமும் தன்னொழுக்கமும் இருந்தால் எவரும் உயரலாம் என்பது அதன் செய்தி. ஆலை முதலாளிகளுக்கு அது தேனாக இனித்தது. அதே 1859இல்தான் கார்ல் மார்க்சின் ‘அரசியல் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு’ வெளிவந்தது. மனிதரின் சமூக வாழ்நிலையிலிருந்துதான் அவர்களது உணர்வு உருவாகிறது என்ற நிலைப்பாட்டை அதன் முன்னுரையில் மார்க்ஸ் தெளிவாக வைத்தார். ஒரே ஆண்டில் ஐரோப்பா இரண்டு விதமான ‘தன்னை அறிதலை’ப் பெற்றெடுத்தது. முதலாவதைத்தான் பல்கலைக்கழகங்கள் இன்று பாடத்திட்டமாக வைக்கின்றன.

1995இல் டேனியல் கோல்மன் எழுதிய ‘உணர்ச்சி நுண்ணறிவு’ நூல் உலகெங்கும் விற்றது; அவர் விளக்கும் திறன்களில் முதலில் நிற்பது தன்னறிவு. கூகுள் நிறுவனம் 2007இல் ‘உனக்குள் தேடு’ என்ற பெயரில் தன் ஊழியருக்கு உள்நோக்குப் பயிற்சி வகுப்பே தொடங்கியது. கண்களை மூடி, மூச்சைக் கவனித்து, தன் மன ஓட்டத்தை அறிந்து, அதன் வழியே சிறந்த ஊழியராக மாறுவது அதன் நோக்கம். 2023 ஜனவரியில் அதே நிறுவனம் சுமார் 12,000 பேரை மின்னஞ்சல் வழியே வேலையிலிருந்து நீக்கியது. தங்கள் கணினிக் கணக்கு திறக்காதபோதுதான் பலருக்கு விஷயம் தெரிந்தது. உள்ளுக்குள் எவ்வளவு தேடியிருந்தாலும் அந்த மின்னஞ்சல் அங்கே கிடைத்திருக்காது. அது பங்குச் சந்தையின் எதிர்பார்ப்பிலும் நிர்வாகக் குழுவின் கணக்கிலும் இருந்தது. நம் நாட்டிலும் டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது திறன் பொருந்தாமை என்ற சொல்தான் முன்னால் வந்து நின்றது. வேலை போனதற்கும் வேலை இழந்தவனே காரணம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு; அதை ஏளனமாகத் தள்ளிவிடுவது சரியாகாது. ஒரு மனிதன் தன் கோபத்தை, தன் குடிப்பழக்கத்தை, தன் சோம்பலை, தன் திறமையை அறிந்துகொள்வதில் என்ன தவறு? தவறே இல்லை. உழைக்கும் மக்கள் குடும்பங்களில் குடி எத்தனை பெண்களின் வாழ்வைச் சிதைத்திருக்கிறது என்பது தோழர்கள் யாருக்கும் தெரியாததல்ல. எல்லாவற்றுக்கும் அமைப்புமுறையே காரணம் என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டில் மனைவியை அடிக்கும் ‘புரட்சியாளர்களை’யும் நம் இயக்கம் கண்டிருக்கிறது. பிரச்சினை வேறொரு இடத்தில் இருக்கிறது. தன்னை அறியும் பாடம் யாருக்கு நடத்தப்படுகிறது என்று பாருங்கள். கூலிக்காரனுக்கு நடத்தப்படுகிறது, கூலியை நிர்ணயிப்பவனுக்கு நடத்தப்படுவதில்லை. தனிக் குவளையில் குடிப்பவனின் மனநிலையை ஆராயும் வகுப்பு உண்டு. அந்தக் குவளையைத் தனியே கழுவி வைக்கும் கையின் மனநிலையை ஆராய எந்தப் பயிலரங்கும் இல்லை. கோவிந்தாபுரத்தில் உண்மையில் தன்னறிவு தேவைப்பட்டது யாருக்கு?

அந்தோணியோ கிராம்சி இத்தாலியச் சிறையில் எழுதிய குறிப்புகளில் இதற்கு ஒரு தொடக்கப்புள்ளி இருக்கிறது. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் வரலாறு எண்ணற்ற தடங்களை விட்டுச் சென்றிருக்கிறது. அவற்றை எண்ணி எடுத்து அடையாளம் காண்பதுதான் தன்னை அறிவதன் முதல் வேலை என்ற பொருளில் அவர் எழுதினார். அப்படிப் பார்த்தால் கோவிந்தாபுரம் இளைஞனின் தாளில் நான்கு கட்டங்கள் போதாது. பாட்டனார் எந்த மிராசுதாரிடம் பண்ணையம் செய்தார், நிலச்சீர்திருத்தம் வந்தபோது ஏன் குத்தகைதாரருக்கு நிலம் கிடைத்து, கூலிக்காரருக்கு வீட்டு மனையோடு நின்றுபோனது, காலனி என்ற சொல்லே எப்படி வந்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே சாதி மக்கள் வாழ்கிறார்கள் என்பதும் அதில் வர வேண்டும். தமிழகத்தில் அருந்ததியர் என்ற பெயரில் அவர்கள் அமைப்பானார்கள். அவர்களோடு சேர்ந்து இடதுசாரிகளும் போராடினர். 2009இல் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டுக்குள் அவர்களுக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்வகைப்பாட்டு உரிமையை உறுதி செய்தது. சில கிலோமீட்டர் மேற்கே, அதே மக்கள் எண்ணிக்கையில் சிறுத்து, மொழியிலும் சிறுபான்மையாகி, சட்டமன்றத்தில் தங்களைப் பற்றிப் பேச ஆளில்லாமல் நிற்கிறார்கள். இரு பக்கத்து இளைஞர்களின் குணத்திலோ திறமையிலோ வேறுபாடு இல்லை. கிழக்குப் பக்கத்தில் அமைப்பும் போராட்டமும் இருந்தன; ‘நாங்கள் யார்’ என்ற கேள்விக்கு அங்கே கிடைத்த பதிலில் மாநாடுகளும் ஊர்வலங்களும் சிறைவாசங்களும் கலந்திருக்கின்றன.

கிணற்றைப் பார்த்தவர்கள்

அதே சித்தூர் வட்டத்தில் பெருமாட்டி ஊராட்சி இருக்கிறது. அங்குள்ள பிளாச்சிமடையை அறியாத தோழர் இருக்க முடியாது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் கோகோ கோலா நிறுவனத்தின் ஆலை அங்கு உற்பத்தியைத் தொடங்கியது. சிறிது காலத்திலேயே சுற்றியிருந்த கிணறுகளில் நீர் இறங்கியது. இருந்த நீரும் குடிக்கவோ சமைக்கவோ ஆகாததாக மாறியது. ஆலைக் கழிவை உரம் என்று சொல்லி விவசாயிகளிடம் தந்தார்கள். அந்தக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருப்பதை 2003இல் பி.பி.சி. எடுத்த ஆய்வு வெளிப்படுத்தியது.

இரவாளர், மலசர் பழங்குடிப் பெண்கள்தான் முதலில் இதைச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் பார்க்காத, தமிழ் பேசும் இரவாளர் பெண்ணான மயிலம்மா அந்தப் போராட்டத்தின் முகமானார். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் தொடங்கிய போராட்டத்தில் அவர் எந்தத் தன்னறிவுப் பயிற்சியும் பெறாமல் போய் உட்கார்ந்தார். உடம்பில் அரிப்பு வந்தால் சுத்தமின்மை என்றும், வயிற்று நோய் வந்தால் அறியாமை என்றும் பழங்குடி மக்கள் மீதே பழி போடுவது அதிகாரிகளின் பழக்கம். உனக்குள் பார் என்று சொல்வதன் கிராமத்து வடிவம் அது. மயிலம்மாவும் அவருடைய மக்களும் கிணற்றுக்குள் பார்த்தார்கள். பிறகு மதில் சுவருக்கு அப்பால் பார்த்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

இதில் இடதுசாரிகள் மகிழ்ந்து கைதட்டிக்கொள்ள முடியாத ஒரு பக்கமும் உண்டு. ஆலை வந்தது இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் இருந்த காலத்தில்தான். முதலீடு வருகிறது, வேலை வருகிறது என்ற மகிழ்ச்சியில் நிலத்தடி நீரைப் பற்றிய கேள்வி யாருடைய வாயிலும் எழவில்லை. போராட்டம் தொடங்கியபோதும் பெரிய கட்சிகள் எல்லாம் தயங்கி நின்றன. நெருப்பு பரவிய பிறகே அருகில் வந்தன. பின்னர் இடதுசாரி அரசு அமைத்த உயர்நிலைக் குழுதான் 2010இல் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதன் தொடர்ச்சியாக 2011இல் இழப்பீட்டுத் தீர்ப்பாயச் சட்டமுன்வரைவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது என்பதும் பதிவு செய்யப்பட வேண்டியதே. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. 2007இல் மறைந்த மயிலம்மாவுக்கு அந்த இழப்பீட்டைப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் போனது. அவருடைய மக்களுக்கும் இன்னும் வரவில்லை.

பங்குதாரர் என்று சொல்லப்பட்ட கூலிகள்

கோவிந்தாபுரத்துக்குத் தெற்கே நிற்கும் ஆனைமலைத் தொடரின் மறுபுறம் இடுக்கி மாவட்டத்து மூணாறு. அங்கேயும் தமிழ், அங்கேயும் தலித் உழைப்பு. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற மக்களின் நான்காம் ஐந்தாம் தலைமுறை இன்று கொழுந்து எடுக்கிறது. ‘நான் யார்’ என்ற கேள்வி இவர்களுக்குத் தத்துவமாக வருவதில்லை. தாசில்தார் அலுவலகத்தில் வருகிறது. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாளுக்கு முன்பே முன்னோர் இங்கு குடியேறியதற்கு ஆவணம் காட்டாவிட்டால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேரளத்தில் கிடைப்பதில்லை. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்த பாட்டியின் வருகைத் தேதியை எந்தக் காகிதத்தில் தேடுவது? தேயிலைச் செடிகளின் வயது கம்பெனிக் கணக்கில் துல்லியமாக இருக்கும்.

2005இல் டாட்டா டீ நிறுவனம் இங்குள்ள தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகியது. ஒரு கணிசமான பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பெரும்பான்மைப் பங்குகளைப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர், தொழிலாளர் பெயரில் விட்டு, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய நிறுவனம் உருவாக்கப்பட்டது. தொழிலாளர் பங்கேற்பு நிர்வாகத்துக்கு அரிய எடுத்துக்காட்டு என்று மேலாண்மை வட்டாரங்கள் இதைக் கொண்டாடின. நீங்கள் இனிக் கூலிகள் இல்லை, உரிமையாளர்கள்; உரிமையாளரைப் போலச் சிந்தியுங்கள், உரிமையாளரைப் போல உழையுங்கள் என்பதே இதன் உட்பொருள். தன்னை அறியும் பாடத்தில் இதைவிடத் தந்திரமான வகுப்பு நாட்டில் நடந்திருக்காது. உன்னைப் பற்றி நீ கொண்டிருக்கும் எண்ணத்தை மாற்று; உன் நாட்கூலி மாற வேண்டியதில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 2015இல், அந்த உரிமையாளர்களின் நாட்கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். குடியிருப்பு, பிரிட்டிஷ் காலத்து லயம். அந்த ஆண்டு போனஸ் 10 விழுக்காடு என்று நிர்வாகம் அறிவித்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் வேலையை விட்டு இறங்கினார்கள். 20 விழுக்காடு போனஸ், 500 ரூபாய் கூலி. சில ஆயிரம் பெண்கள் மூணாறு நகரில் சாலையில் அமர்ந்து ஒன்பது நாட்கள் அசையவில்லை. ‘பெண்கள் ஒற்றுமை’ என்று பொருள்படும் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அந்தச் சாலையில் நிலைபெற்றது.

அந்தப் பெண்களின் முழக்கங்களை இன்று நினைவுபடுத்திப் பார்ப்பது பயனுள்ளது. கொழுந்து கிள்ளுவது யார், கொள்ளையடிப்பது யார்? ஒழுகும் லயம் யாருக்கு, குளிரூட்டிய பங்களா யாருக்கு? முழக்கங்களின் சாரம் இதுதான். பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருந்தவர்கள் தாங்கள் யார் என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தார்கள். உற்பத்தி உறவில் தங்கள் இடம் எது, உபரி எங்கே போகிறது என்பதை அவர்கள் விளக்கிய தெளிவுக்குப் பக்கத்தில் நம் கல்வி வகுப்புகளின் குறிப்பேடுகள் வெளிறித் தெரியும்.

ஆனால் அந்த முழக்கங்கள் கம்பெனியை மட்டும் நோக்கி எழவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களை நோக்கியும் எழுந்தன. காங்கிரஸ் சங்கம், இடதுசாரிச் சங்கங்கள் என்ற வேறுபாடு பார்க்காமல் எல்லாக் கொடிகளையும் அந்தப் பெண்கள் விலக்கி வைத்தார்கள். சங்க அலுவலகத்தின் முன் கோபம் வெடித்தது. பேச வந்த தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். செங்கொடியின் நிழலில் பிறந்து வளர்ந்த பெண்கள் அவர்கள். 1957இல் தேவிகுளம் தொகுதியிலிருந்து தோழர் ரோசம்மா புன்னூஸ் சட்டமன்றம் சென்றதும், அத்தேர்தல் செல்லாதென்று ஆனபின் 1958 இடைத்தேர்தலில் பாவலர் வரதராஜனின் பாடல்கள் லயம் லயமாக ஒலிக்க மீண்டும் வென்றதும் இதே மலையில்தான். அரை நூற்றாண்டுக்குப் பின் அந்தக் குடும்பங்களின் பேத்திகள் ‘எங்கள் பக்கம் வராதீர்கள்’ என்று சொன்னார்கள்.

அந்த நாட்களில் சில வட்டாரங்களில் உடனடியாகக் கேட்ட விளக்கம் என்ன? பின்னணியில் யாரோ இருக்கிறார்கள். தமிழ்த் தேசியவாதிகள் தூண்டுகிறார்கள். தீவிரவாதிகள் ஊடுருவிவிட்டார்கள். இந்தப் பெண்களுக்கு அரசியல் தெரியாது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: பார்வை வெளியே திரும்பியிருக்கிறது, தன்னை நோக்கித் திரும்பவில்லை. கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். சங்கத் தலைமையில் தோட்ட வேலை செய்யாத ஆண்கள். கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் கொழுந்துக் கூடை தூக்கிய தோள் ஒன்று இல்லை. பேசும் மொழி கூட வேறு. இதைக் கண்டுபிடிக்கத் தீவிரவாதி எவரும் தேவையில்லை.

மறைந்த தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் அப்போது எதிர்க்கட்சித் தலைவர். செப்டம்பர் 13 அன்று மூணாறு வந்த அவர் அந்தப் பெண்களோடு அமர்ந்தார். அவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். தொண்ணூறைக் கடந்த அந்த மனிதர் அவர்களுக்கு விளக்கம் எதுவும் சொல்ல வரவில்லை, உட்கார வந்தார் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்றே உடன்பாடு வந்தது: 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத்தொகை, மொத்தம் 20. கூலி பின்னர் 301 ரூபாயானது, கேட்டது 500. அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமையின் வேட்பாளர்கள் சில இடங்களில் வென்றார்கள். பின்னர் அந்த அமைப்பு பிளவுபட்டுத் தேய்ந்தது. தேய்ந்ததைச் சுட்டி ‘பார்த்தீர்களா, சொன்னோம் அல்லவா’ என்று மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சியில் வர்க்கப் பாசம் இல்லை. 2017 ஏப்ரலில் ஓர் இடதுசாரி அமைச்சரின் பேச்சு அந்தப் பெண்களைக் கொச்சைப்படுத்துவதாகக் கண்டனம் எழுந்தது. அவருடைய கட்சி அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. கண்டித்தது சரி. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியொரு பேச்சுக்குக் கூட்டத்தில் இடம் இருந்தது எப்படி?

சடங்காகிவிட்ட சொல்

தனிமனிதருக்கு முதலாளித்துவம் விற்கும் ‘தன்னறிவு’ என்ற சரக்கைக் கேலி செய்வது எளிது, செய்ய வேண்டியதும்கூட. ஆனால் கம்யூனிஸ்ட் இயக்கத்திடம் இதற்கென்று சொந்தமாக ஒரு சொல் இருக்கிறது. சுயவிமர்சனம். ஒரு கட்சி தன் தவறுகளை எப்படி எதிர்கொள்கிறது என்பதே அதன் நேர்மையை உரசிப் பார்க்கும் உரைகல் என்ற கருத்தை லெனின் 1920இல் எழுதினார். நடைமுறையில் அது என்னவாயிற்று? மாநாட்டு அறிக்கையின் கடைசிப் பகுதியில் ‘பலவீனங்கள்’ என்ற தலைப்பு. அதன் கீழ் வழக்கமான வரிகள்: பெண் உறுப்பினர் எண்ணிக்கை போதவில்லை, தலித் மக்களிடையே பணி தீவிரப்படவில்லை, இளைஞர்கள் வரவில்லை. மூன்றாண்டுகள் கழித்து அடுத்த மாநாட்டில் அதே வரிகள், ஆண்டு மட்டும் மாறி. பயிற்சி மையத்தில் இளைஞன் நிரப்பும் நான்கு கட்டத் தாளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவன் தாளாவது அவனுக்கு ஒரு வேலை வாங்கித் தரலாம்.

சுயவிமர்சனம் உயிரோடு இருந்திருந்தால், 2015க்கு முன்பே மூணாறு சங்கக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்டிருப்பார், பதில் கிடைத்திருக்கும். 2017க்கு முன்பே கோவிந்தாபுரத்தின் தேநீர்க் குவளை பற்றிக் கிளை அறிக்கை மேலே போயிருக்கும். தமிழகத்தில் இரட்டைக் குவளைக்கு எதிராகத் தெருவில் இறங்கிய, 2008 மே மாதம் உத்தபுரத்துத் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை உடைக்க வைத்த அனுபவம் இடதுசாரி இயக்கத்துக்கு இருக்கிறது. அந்த அனுபவம் பொள்ளாச்சியைத் தாண்டி வர ஏன் இத்தனை ஆண்டுகள் பிடித்தன? சாதி தமிழகத்துப் பிரச்சினை, கேரளம் அதைக் கடந்துவிட்டது என்ற இனிய நம்பிக்கை குறுக்கே நின்றது. அய்யன்காளியும் நாராயண குருவும் நடத்திய போராட்டங்களின் பெருமையைச் சொல்லிச் சொல்லியே, அவை எட்டாத ஓரங்களைப் பார்க்க மறந்தோம். முற்போக்கு மாநிலம் என்ற சுயபிம்பமும் ஒரு வகைப் பங்குப் பத்திரம்தான். பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, லாயத்தில் எதுவும் மாறவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் பலியானார்கள். எல்லோரும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், தமிழர். மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து. விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது; பெட்டிமுடிக்கு முதலில் அறிவிக்கப்பட்டது 5 லட்சம். ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி முதலில் சாலைக்கு வந்தவர் பெம்பிளை ஒருமையின் கோமதி. அமைப்பு தேய்ந்திருக்கலாம், கணக்கு அவருக்கு மறக்கவில்லை.

எல்லையின் இரு புறமும் இப்போது கிளைக் கூட்டங்கள் நடக்கின்றன. நிகழ்ச்சி நிரலில் சர்வதேச நிலை, தேசிய நிலை, மாநில நிலை, நிதி, பத்திரிகைச் சந்தா எல்லாம் இருக்கும். அவற்றோடு உள்ளூர்க் கேள்விகள் சிலவற்றையும் எழுதி வைக்கலாம். ஊராட்சியில் உள்ள காலனிகளில் கட்சி உறுப்பினர் எத்தனை பேர், அவர்களில் குழுக்களுக்கு வந்தவர் யார்? தோட்டச் சங்கத்தின் நிர்வாகிகளில் கொழுந்து எடுக்கும் பெண்கள் எத்தனை பேர்? தமிழில் பேசும் உறுப்பினருக்கு அறிக்கை தமிழில் தரப்படுகிறதா? கிளைச் செயலாளர் தினமும் காலையில் தேநீர் குடிக்கும் கடையில் எத்தனை வகைக் குவளைகள் இருக்கின்றன என்று அவர் பார்த்திருக்கிறாரா?